ஏடி8232 இ.சி.ஜி. போர்டு: தாளத்துக்கு நம்பலாம், வடிவத்துக்கு யோசிக்கணும்

இதயத்தின் மின்சாரத்தைக் கண்ணால் பார்க்கணும் என்று ஆசைப்படும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது இந்தச் சின்ன போர்டைத்தான். அனலாக் டிவைசஸ் நிறுவனம் 2012-இல் கொண்டுவந்த ஏடி8232 சிப்பை வைத்து ஸ்பார்க்ஃபன் நிறுவனம் ஒரு போர்டு போட்டது. அதே அமைப்பில் வரும் நகல் போர்டுகள் இங்கே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. துடிப்பை எண்ணவும் தாளத்தைப் பார்க்கவும் இந்த விலைக்கு அருமையான பொருள் இது. ஆனால் அலையின் வடிவத்தைப் பார்த்து இதயத்தசை எப்படி இருக்கிறது என்று சொல்ல முயல்கிறவர்கள், இது எதைக் காட்டுகிறது, எதை வடிகட்டி எறிகிறது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

முதலில் தசையைப் பார்ப்போம். இதயத்தசைச் செல் குட்டையானது, கிளைவிட்டது. ஒரு செல்லின் முனை அடுத்ததன் முனையோடு சேரும் இடத்தில், படிக்கட்டுபோல மடிந்த இணைப்புத் தட்டு இருக்கிறது. இன்டர்கலேட்டட் டிஸ்க் என்பார்கள். படியின் குறுக்குப் பகுதியில் டெஸ்மோசோம்கள் என்ற பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருக்கும், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுருக்கத்திலும் செல்கள் பிய்ந்துபோகும். நீளவாக்கில் ஓடும் பகுதியில்தான் இடைவெளி இணைப்புகள் அதிகம். கீழறைத் தசையில் இவை முக்கியமாக கான்னெக்சின் 43 என்ற புரதத்தால் ஆன நுண்குழாய்கள். அயனிகள் இதன் வழியே நேராக அடுத்த செல்லுக்குப் போய்விடும். இந்த இணைப்புகள் செல் முனைகளில் குவிந்திருப்பதால், இழையின் நீளவாக்கில் மின்துடிப்பு குறுக்குவாக்கைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாக ஓடுகிறது.

ஓய்வில் இருக்கும் கீழறைச் செல்லின் உட்புறம் சுமார் −90 மில்லிவோல்ட். சோடியம் வாயில்கள் திறந்தால் ஓரிரு மில்லிநொடியில் பூஜ்யத்தைத் தாண்டி மேலே போய்விடும். அதன்பின் கால்சியம் உள்ளே வந்துகொண்டிருக்க, 200 முதல் 300 மில்லிநொடி வரை மேட்டிலேயே நின்று, பொட்டாசியம் வெளியேறும்போது இறங்கும். ஒரு செல்லுக்குள் நூறு மில்லிவோல்ட்டுக்கு மேல் ஏற்றம் நடந்தும், தோலின் மேல் நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1 மில்லிவோல்ட்தான். தூரமும் உடல் திசுக்களும் ஒரு காரணம். இன்னொன்றுதான் முக்கியம்: வெளியே இருக்கும் எலக்ட்ரோடு செல்லின் மின்னழுத்தத்தைப் பார்ப்பதில்லை. தூண்டப்பட்ட தசைக்கும் இன்னும் ஓய்வில் இருக்கும் தசைக்கும் நடுவே நகரும் எல்லையைத்தான் பார்க்கிறது. கீழறைத் தசை முழுக்க மேட்டில் நிற்கும்போது எல்லையே இல்லை, அதனால் கோடு சமமாக ஓடும். அதுதான் எஸ்.டி. பகுதி, கீழறை தூண்டப்படும் அலைக்கும் அது ஓய்வுக்குத் திரும்பும் அலைக்கும் நடுவில் வருவது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஏ.வி. கணுவில் துடிப்பு பத்தில் ஒரு நொடி போலத் தாமதிக்கும்போதும் கோடு சமமாகத்தான் இருக்கும். அங்கே தூண்டப்படும் தசை அவ்வளவு சிறியது.

இந்த 1 மில்லிவோல்ட்டை போர்டு 1100 மடங்கு பெருக்குகிறது. சிப்புக்குள் 100 மடங்கு, அடுத்த கட்டத்தில் 11 மடங்கு. 3.3 வோல்ட் கொடுத்தால் அடிக்கோடு நடுவில், 1.65 வோல்ட்டில் உட்காரும். அப்படியானால் மேலே மிச்சம் 1.65 வோல்ட், அதாவது தோலில் சுமார் 1.5 மில்லிவோல்ட். ஒல்லியான இளைஞர்களுக்கு ஆர் அலை, அதாவது கீழறை தூண்டப்படும்போது எழும் உயரமான கூர்முனை, இதைத் தாண்டலாம். எலக்ட்ரோடுகளை மார்பில் இதயத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாலும் தாண்டும். அப்போது ஆர் அலையின் உச்சி கத்தியால் வெட்டியதுபோல் தட்டையாகத் தெரியும். அதை நோய் என்று பயப்பட வேண்டாம். எலக்ட்ரோடைத் தோள்பட்டைக்கோ மணிக்கட்டுக்கோ மாற்றிப் பாருங்கள்.

வடிகட்டிதான் இந்த போர்டின் உண்மையான குணத்தைத் தீர்மானிக்கிறது. 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 40 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் இருப்பதை இது அடக்கிவிடுகிறது. நோய் கண்டறியும் இ.சி.ஜி. கருவிகளில் இந்த எல்லை 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை. மூச்சு விடும்போது கோடு மேலும் கீழும் அலையாமல் இருக்க 0.5 உதவுகிறது, சரி. ஆனால் எஸ்.டி. பகுதி மெதுவாக நகரும் சிக்னல். இந்த வடிகட்டி அதை இல்லாத இடத்தில் இறக்கிக்காட்டும், இருக்கும் ஏற்றத்தை மறைக்கவும் செய்யும். ஆகவே இதில் எஸ்.டி. ஏறியிருக்கிறதா, மாரடைப்பா என்று பார்ப்பது தவறு. மார்பு வலித்தால் இதை ஒட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்காமல் 108-ஐ அழையுங்கள். மேல் எல்லை 40 என்பதால், ஆர் அலையை உள்ளடக்கிய கியூ.ஆர்.எஸ். அலையின் சிறு வெட்டுகள் மழுங்கிவிடும், ஆர் உயரமும் குறையும். பேஸ்மேக்கர் துடிப்பு ஒன்றிரண்டு மில்லிநொடிதான் நீளம், அது ஏறக்குறைய காணாமலே போகும். இவ்வளவு கழிந்தும் பி அலை (மேலறை தூண்டப்படுவது), கியூ.ஆர்.எஸ்., டி அலை (கீழறை ஓய்வுக்குத் திரும்புவது) மூன்றும் தெளிவாகக் கிடைப்பது பாராட்டத்தக்கது.

ஒட்டும் முறையில்தான் பாதி வெற்றி. முடி இருந்தால் மழித்து, ஸ்பிரிட் துணியால் நன்றாகத் தேய்த்து, காய்ந்த பிறகு வெள்ளி–வெள்ளி குளோரைடு ஜெல் எலக்ட்ரோடை ஒட்டுங்கள். வலத் தோள், இடத் தோள், வலப்பக்க அடிவயிறு ஆகிய மூன்று இடம். கேபிளின் நிறத்தை நம்பாதீர்கள். ஸ்பார்க்ஃபன் கேபிளில் வலக்கை கறுப்பு, இடக்கை நீலம், கால் சிவப்பு. நகல்களில் பல சமயம் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வரும். முனையில் அச்சிட்ட எழுத்தைப் பாருங்கள், எழுத்தும் இல்லையென்றால் மல்டிமீட்டரால் ஜாக் வரை தடம் பார்த்துவிடுங்கள். வலக்கையும் இடக்கையும் மாறினால் பி, கியூ.ஆர்.எஸ்., டி எல்லாமே தலைகீழாக வரும். பி அலை சரியாகத் தெரியவில்லையா? இடத் தோள் எலக்ட்ரோடை எடுத்து இடப்பக்க அடிவயிற்றில் ஒட்டுங்கள். அது இரண்டாம் லீட், அதாவது வலக்கைக்கும் இடக்காலுக்கும் நடுவே பார்க்கும் கோணம். மேலறையிலிருந்து துடிப்பு வலமேலிருந்து இடக்கீழாக வருவதால், பி அலை அங்கே நன்றாக எழும்பும்.

மின்சாரம் 3.3 வோல்ட்தான் கொடுக்க வேண்டும். சிப் 2 முதல் 3.5 வோல்ட்டில் வேலை செய்வது. சிக்னலை வாசிக்கும் ஆர்டுயினோ போர்டின் 5 வோல்ட் பின்னில் மாற்றிச் செருகினால் கருகிவிடலாம். வீட்டு மின்சாரத்திலிருந்து ஆளைப் பிரித்துவைக்கும் மின்தனிமைப்படுத்தல் போர்டில் கிடையாது. ஆளோடு இணைத்திருக்கும்போது லேப்டாப் சார்ஜரைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. சார்ஜரைக் கழற்றினால் திரையில் வரும், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் குறையும். 40 ஹெர்ட்ஸ் வடிகட்டி அந்த இரைச்சலை முழுசாக நிறுத்துவதில்லை, பாதியளவுதான் குறைக்கும்.

அடுத்து, பலரும் சறுக்கும் இடம். பரவலாகப் புழங்கும் மாதிரி நிரலில் ஒவ்வொரு சுற்றுக்கும் 1 மில்லிநொடி நிறுத்தம் இருக்கும், கணினிக்கு அனுப்பும் சீரியல் வேகம் 9600. நொடிக்கு 1000 அளவீடு வருகிறது என்று நினைத்துக் கணக்குப் போடுவார்கள். 9600-இல் நொடிக்கு 960 எழுத்துதான் போகும். ஒரு அளவீட்டுக்கு மூன்று இலக்கமும் வரிமுடிவு இரண்டும் சேர்த்து ஐந்து எழுத்து. ஆக, நொடிக்கு 192 அளவீடுகளைத் தாண்டாது. பி அலையின் தொடக்கத்திலிருந்து கியூ.ஆர்.எஸ். தொடங்கும் வரையுள்ள பி.ஆர். இடைவெளி 160 மில்லிநொடி என்றால், 31 அளவீடாக வரும், அதை 31 மில்லிநொடி என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். வேகத்தை 115200-க்கு மாற்றி, டைமர் வைத்து நொடிக்குச் சரியாக 250 முறை அளந்தால் ஓர் அளவீடு 4 மில்லிநொடி. அப்போது பி.ஆர். 30 முதல் 50 அளவீடு, கியூ.ஆர்.எஸ். 30-க்குள் இருந்தால் இயல்பு. 250-க்கு இன்னொரு லாபமும் உண்டு: ஐந்தைந்து அளவீடாகச் சராசரி எடுத்தால் 50 ஹெர்ட்ஸ் அப்படியே அழிந்துவிடும். ஆனால் கியூ.ஆர்.எஸ். இன்னும் உருண்டுபோகும், ஆகவே தாளம் பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். ஆர்டுயினோ ஊனோவின் ஏரெஃப் (ஒப்பீட்டு மின்னழுத்த) பின்னில் 3.3 வோல்ட் கொடுத்து, அனலாக் பின்னை வாசிக்கும் முன்பே நிரலில் வெளி ஒப்பீடு என்று சொல்லிவிட்டால் ஒரு படி 4.9-இலிருந்து 3.2 மில்லிவோல்ட்டாகக் குறையும். சிறிய பி அலைக்கு இது நல்ல வித்தியாசம்.

எலக்ட்ரோடு கழன்றால் சொல்லும் எல்.ஓ. பின்கள் இரண்டையும் தவறாமல் இணையுங்கள். அவை உயர்ந்திருக்கும்போது வரும் கோடு இதயத்துடையது அல்ல. கையை இறுக்கி மூடினால் கோடு மயிர்க்கூச்செறிந்ததுபோல் ஆகும். அது எலும்புத்தசையின் மின்சாரம், போர்டின் கோளாறு இல்லை. மெதுவாக மூச்சை உள்ளிழுத்தால் ஆர் அலைகள் நெருங்கும், வெளிவிட்டால் விலகும். இளையவர்களிடம் இது நன்றாகத் தெரியும், முதல் நாளே செய்துபார்க்க வேண்டிய சோதனை.

துடிப்பு, தாளம், பி.ஆர். இடைவெளி வரை போதும் என்றால் யோசிக்காமல் இதை வாங்கலாம். அலையின் வடிவத்தோடு ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏடிஎஸ்1292ஆர் சிப் உள்ள போர்டைப் பாருங்கள். இரண்டு சேனல், 24 பிட். வடிகட்டலைப் பெரும்பாலும் நிரலில் நீங்களே முடிவு செய்யலாம். விலை கூடுதல், நிரலும் கடினம். எதை வாங்கினாலும், கூடவே வரும் மூன்று எலக்ட்ரோடோடு நிறுத்தாமல் ஐம்பது கொண்ட உறை ஒன்று வாங்குங்கள். பிரித்த உறையைக் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள்; ஜெல் காய்ந்த எலக்ட்ரோடை ஒட்டிவிட்டு போர்டைக் குறை சொல்கிறவர்கள்தான் அதிகம்.