பார்சிலோனாவில் அறை எடுக்கப் போகிறவர்கள் படியுங்கள்: எங்கள் 480 யூரோ போய்விட்டது

நேற்று இரவு நடந்தது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு வீடும் அறையும் பிடித்துத் தரும் ஓர் இணையதளம் வழியாகக் கட்டிய 480 யூரோவை இழந்துவிட்டோம். நம் காசுக்கு 40,000 ரூபாய்க்கு மேல்.

நானும் கணவரும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள். செப்டம்பர் 24-ஐ ஒட்டி வரும் மெர்சே திருவிழாவைப் பார்க்க வேண்டும், சான் ஜாவ்மே சதுக்கத்தில் ஆள்மேல் ஆள் ஏறிக் கோபுரம் கட்டுவதைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அந்தச் சமயத்தில் அறை கிடைப்பது கஷ்டம். அதைத்தான் எங்களை ஏமாற்றியவன் பயன்படுத்திக்கொண்டான்.

வீட்டுக்காரர் என்று பேசியவன் அவ்வளவு அன்பாகப் பேசினான். லிசேயு மெட்ரோவில் எந்த வாசல் வழியாக ஏறி வர வேண்டும், காலையில் எந்தக் கடையில் ரொட்டி சூடாக இருக்கும், எல்லாம் சொன்னான். நான் சைவம் என்றதும் போகேரியா சந்தையில் பழம் எங்கே வாங்கலாம் என்றுகூட எழுதினான். பால்கனியைக் காட்டி ஒரு வீடியோ. அப்புறம், "இன்னொரு ஜோடியும் கேட்கிறார்கள், உங்களுக்குத்தான் தர ஆசை" என்று பணம் கட்ட ஒரு லிங்க். அந்தத் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே வந்தது, அவர்கள் சின்னத்தோடு. யார்தான் நம்ப மாட்டார்கள்?

கோதிக் பகுதிச் சந்துக்குள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. அந்த ஊர் அப்போதுதான் சாப்பிட உட்காருகிறது. தெருவெல்லாம் மேளமும் சிரிப்புமாக இருந்தது. அவன் தந்த முகவரி நான்காம் மாடி, இரண்டாம் கதவு. அந்தக் கட்டடத்தில் மூன்று மாடிதான். கீழ்வீட்டு அம்மா எங்களைப் பார்த்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டார். எங்களுக்கு முன்பும் இதே முகவரியைத் தேடி ஆட்கள் வந்தார்களாம். தண்ணீர் கொடுத்து, பைகளை உள்ளே வைக்கச் சொன்னவர் அவர்தான். ஊர்க்காரர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கோபமெல்லாம் அந்தத் தளத்தின் மேல்தான். முதலில் "48 மணி நேரம் காத்திருங்கள்". அப்புறம் "பணம் எங்கள் வழியாக வரவில்லை, பொறுப்பேற்க முடியாது". மூன்றாவதாகப் பேசியவர் எங்கள் சேவைக்கு மதிப்பெண் தாருங்கள் என்றார்! வங்கியோ, நீங்களே அனுமதித்த பரிமாற்றம் என்கிறது. 480 யூரோவுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நோ தெ லா ரம்ப்லா தெருவில் இருக்கும் கத்தலோனியா மாநிலக் காவல்நிலையத்தில் மட்டும் பொறுமையாகக் கேட்டு, புகார் எழுதி, நகல் கொடுத்தார்கள்.

அவசரமாகச் சில விஷயங்கள். பார்சிலோனாவில் சுற்றுலாப் பயணிக்கு விடும் வீட்டுக்கு உரிமம் வேண்டும். ஹெச்யூடிபி (HUTB) என்று தொடங்கும் உரிம எண் விளம்பரத்தில் இருக்க வேண்டும். எண் இருந்தால் மட்டும் போதாது, மாநகராட்சி இணையதளத்தில் சரிபாருங்கள். எங்களுக்குக் காட்டிய எண் வேறொரு தெரு வீட்டுடையது. செய்தியில் வரும் லிங்கில் பணம் கட்டாதீர்கள். ஏமாந்தால் உடனே புகார் நகல் வாங்குங்கள், வங்கி கேட்கும்.

இதை எழுதும்போதும் அந்த விளம்பரம் அங்கேயேதான் இருக்கிறது. புகார் செய்தும் எடுக்கவில்லை. அடுத்த வாரத்துக்கு "இன்னும் சில நாள்களே பாக்கி" என்று போட்டிருக்கிறான்.