ஹுவாஹினே: மாயேவாவுக்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள்

பசிபிக் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சு பொலினீசியாவில் தாஹிட்டிக்கு வடமேற்கே சுமார் 175 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹுவாஹினே தீவில் நான்கு நாட்கள் தங்கினேன். தாஹிட்டியின் தலைநகர் பப்பீட்டேயிலிருந்து சிறிய விமானத்தில் நாற்பது நிமிடப் பயணம். இறங்கிய அன்றே, தங்குமிடத்தில் பரிந்துரைத்த அரைநாள் வேன் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியதுதான் நான் செய்த தவறு. முத்துக் கடையில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்த அந்த ஓட்டுநர், பழைய கல் மேடைகள் நிறைந்த மாயேவா ஊரில் பதினைந்தே நிமிடம் கொடுத்து, இறங்குவதற்குள் ஏறச் சொல்லிவிட்டார்.

மறுநாள் வாடகை மிதிவண்டியில் மாயேவாவுக்குத் தனியாகத் திரும்பிப் போனேன். தீவின் தலைவர்களுடைய குடும்பங்களெல்லாம் ஒரு காலத்தில் இந்த ஒரே ஊரில் வாழ்ந்தன என்பதால், மராயே எனப்படும் கல் வழிபாட்டு மேடைகள் ஏரிக்கரையிலும் பின்னாலுள்ள மத்தாயிரேயா குன்றிலும் நெருக்கமாக இருக்கின்றன. ஆளுயரப் பவளச் சுண்ணாம்புப் பலகைகளை நட்டுக் கட்டிய மேடைகளைச் சுற்றி நடக்கும்போது, ஹொனலுலு பிஷப் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த தொல்லியலாளர் யோசிஹிகோ சினோட்டோ இவற்றைச் சீரமைக்கப் பல ஆண்டுகள் உழைத்ததன் அருமை புரிந்தது. விமான நிலையத்துக்கு அருகில் 1970களில் விடுதி கட்டத் தோண்டியபோது வெளிப்பட்ட பழங்காலக் கடற்படகின் பாகங்களை ஆராய்ந்தவரும் அவரே.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தவை மராயேக்கள் அல்ல, ஏரியைக் கடலோடு இணைக்கும் கால்வாயிலுள்ள மீன்பொறிகள்தான். 'வி' வடிவில் கற்களை அடுக்கி எழுப்பிய தாழ்ந்த சுவர்கள், நீர் வடியும்போது மீன்களைக் குறுகிய முனையிலுள்ள வட்டத் தொட்டிக்குள் தள்ளிவிடுகின்றன. பழங்காலப் பொறிகள் என்று பலகையில் படித்துக்கொண்டிருக்கும்போதே, இடுப்பளவு நீரில் நின்ற ஒருவர் அந்தத் தொட்டியிலிருந்து கைவலையால் மீனை அள்ளிக் கூடையில் போட்டார்.

குன்றேறும் பாதையைப் பற்றி மட்டும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. மழை பெய்தால் சேறு வழுக்குகிறது, வழிகாட்டிப் பலகைகள் போதாது, கொசுக்கடியோ தாங்க முடியாதது. ஆனாலும் 1846இல் பிரெஞ்சுப் படையை எதிர்த்து இவ்வூர் மக்கள் போரிட்டதை அறிந்துகொண்டு, அந்த மரநிழலில் ஏறுவது வேறு அனுபவம்.

அங்கிருந்து ஃபாயியே ஊருக்குச் சென்றால், பாலத்தடி ஓடையில் நீலக் கண் விலாங்குகளைப் பார்க்கலாம். ஊரார் புனிதமாகக் கருதும் இவற்றில் சில என் கையை விட நீளமானவை. தகர டப்பியைத் திறக்கும் ஓசை கேட்டதும் ஏழெட்டு விலாங்குகள் கல்லிடுக்கிலிருந்து வந்து என் கணுக்காலில் வழுவழுப்பாக உரசின. பயணிகள் டப்பி மீனைக் கொட்டுவது எனக்கு ஒப்பவில்லை, எண்ணெய்ப் படலம் ஓடையில் மிதந்ததைக் கண்ட பிறகு நான் எதையும் போடவில்லை.

வேன் சுற்றுலாவுக்குச் செலவிடும் பிராங்குகளை மிதிவண்டிக்கும் கொசு விரட்டிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மலையேற ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்தால் இன்னும் நல்லது. மூன்றாம் நாள் நான் அப்படித்தான் போனேன், முதல் முறை புதர் என்று கடந்துபோன இடத்தில் இரண்டு மராயேக்கள் இருந்தன.