கோடையில் ஆய்வகமா, முதியோர் இல்லமா? மருத்துவம் படிக்க விரும்பும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் அலசல்

என் மகள் பத்தாம் வகுப்பை முடிக்கும் சமயத்தில் எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. காசு கட்டிப் போகும் மருத்துவ முகாம், பல்கலைக்கழக ஆய்வகம், மருத்துவமனையில் தன்னார்வப் பணி, முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சி.என்.ஏ., அதாவது சான்றிதழ் பெற்ற செவிலியர் உதவியாளர் வேலை. நாங்கள் நான்காவதைத் தேர்ந்தெடுத்தோம். இன்று மறுபடி முடிவெடுக்கச் சொன்னாலும் அதையேதான் எடுப்பேன். அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி அடிபடுவதால், பார்த்ததையும் யோசித்ததையும் எழுதி வைக்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். கல்லூரிச் சேர்க்கைக்கு மதிப்பெண்தான் அடித்தளம். பள்ளியில் கிடைக்கும் கடினமான பாடங்களை எடுத்திருக்க வேண்டும், ஏ.பி. எனப்படும் கல்லூரித் தரப் பாடங்களில் வேதியியல், உயிரியல், கால்குலஸ் இருந்தால் நல்லது. எம்.ஐ.டி., டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட் எல்லாம் எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை மறுபடி கேட்கத் தொடங்கிவிட்டன. இதில் ஓட்டை இருந்தால் கீழே சொல்லும் எதுவும் அதை அடைக்காது.

இன்னொன்று. ப்ரீமெட், அதாவது மருத்துவக் கல்லூரிக்கு முந்தைய தயாரிப்பு, பெரும்பாலான கல்லூரிகளில் தனியாக ஒரு முதன்மைப் பாடம் (மேஜர்) அல்ல. உயிரியல், வேதியியல், ஆர்கானிக் வேதியியல், இயற்பியல், உயிர்வேதியியல் என்று சில பாடங்களை முடித்து, எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வை எழுதினால் போதும். வரலாறு படித்தவரும் டாக்டராகலாம். பிரவுனின் பி.எல்.எம்.இ. போல மருத்துவக் கல்லூரி இடத்தையும் சேர்த்தே தரும் திட்டங்கள் சில உண்டு. மற்றபடி பன்னிரண்டாம் வகுப்பில் அனுப்பும் விண்ணப்பத்தைப் படிக்கும் சேர்க்கை அலுவலர் டாக்டரைத் தேடுவதில்லை. தங்கள் வளாகத்தில் நான்கு வருடம் வாழப்போகும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளையைத் தேடுகிறார். வெள்ளைக் கோட்டு போட்ட படத்துக்கு அங்கே பெரிய மதிப்பு இல்லாததற்கு இதுதான் காரணம்.

அதனால் முகாம்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தடிமனான உறையில் ‘நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்’ என்று கடிதம் வரும். ஒன்பது பத்து நாளுக்குச் சில ஆயிரம் டாலர். பன்றிக்காலில் தையல் போடச் சொல்லித்தருவார்கள், ஒரு டாக்டர் வந்து பேசுவார். பிள்ளைக்குப் பிடித்திருந்து, வீட்டில் வசதியும் இருந்தால் தாராளமாக அனுப்புங்கள். புது நண்பர்கள் கிடைப்பார்கள். விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கும் என்று நினைத்து அனுப்ப வேண்டாம். காசு கட்டிய எல்லோரும் போகும் இடம் அது என்பது விண்ணப்பத்தைப் படிப்பவருக்குத் தெரியும்.

ஆய்வகம் அப்படியல்ல. உண்மையில் போட்டியுள்ள, கட்டணம் வாங்காத திட்டங்கள் இருக்கின்றன. எம்.ஐ.டி.யில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. என்ற கோடை ஆய்வுத் திட்டம் இலவசம். ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் சைமன்ஸ் திட்டம் மாணவருக்கு உதவித்தொகையே தருகிறது. மரபணு எலிகளுக்குப் பெயர்போன ஜாக்சன் ஆய்வகம் மெய்ன் மாநிலத்தில் பல தலைமுறைகளாகக் கோடை மாணவர்களை எடுத்துவருகிறது. இவற்றில் ஒன்றில் இடம் கிடைத்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டுப் பெட்டியைக் கட்டச் சொல்லுங்கள். ஆனால் அந்த இடங்கள் மிகச் சொற்பம். கிடைக்காத பெரும்பாலான பிள்ளைகளுக்கு மிஞ்சுவது இரண்டு வழி.

ஒன்று, காசு கொடுத்து வழிகாட்டியை அமர்த்திக் கட்டுரை எழுதி ஏதாவது ஓர் இதழில் போடுவது. 2023இல் புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் இந்தத் தொழிலைப் பற்றி விரிவாக எழுதியது. சேர்க்கை அலுவலர்களுக்கு அது புதுச் செய்தி இல்லை. இன்னொன்று, அருகிலுள்ள பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருப்பது. இது நேர்மையான வழி. பதில் வருவது அரிது. வந்தால் நல்ல வாய்ப்பு. பிப்பெட் பிடிப்பது, ஜெல் ஓட்டுவது, செல் எண்ணுவது, யாரோ சேர்த்துவைத்த தரவை ஆர் என்ற கணினி மொழியில் அலசுவது என்று வேலை இருக்கும். கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு இது சொர்க்கம். அப்படிப்பட்ட பிள்ளையைப் பிடித்து முதியோர் இல்லத்துக்கு அனுப்பச் சொல்ல மாட்டேன்.

ஆனால் எந்த வழியைப் பார்த்தாலும் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: செப்டம்பரில் பள்ளி மறுபடி தொடங்கும்போது இது என்ன ஆகும்?

பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப் படிவத்தைத் திறந்து பார்த்தால் ஏன் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது புரியும். பத்துச் செயல்பாடுகளுக்கு இடம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான், அதுவும் இடைவெளிகளைச் சேர்த்து. அந்தக் குறுகிய இடத்தில் யாராலும் கதை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்திலேயே வேறு சில கேள்விகள் இருக்கின்றன: எந்தெந்த வகுப்புகளில் செய்தீர்கள், பள்ளி நாட்களிலா விடுமுறையிலா வருடம் முழுவதுமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம். பேசுவது அந்த எண்கள்தான். ஒரு கோடையில் ஆறு வாரம் என்பதற்கும், பத்தாம் வகுப்பு முடிந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை வருடம் முழுவதும் என்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

ஆய்வகம் இந்தக் கேள்வியில்தான் பெரும்பாலும் தடுமாறுகிறது. ஆகஸ்டில், செய்த ஆய்வை விளக்கும் ஒரு போஸ்டரோடு முடிகிறது. பள்ளி மூன்று மணிக்கு விட்டபின் பல்கலைக்கழகம் வரை யார் கொண்டுவிடுவது? விலக்கு இல்லாமல் இல்லை. எங்கள் நண்பர் மகன் தரவு அலசும் வேலையை வீட்டிலிருந்தே தொடர்ந்தான். அவனுடைய பேராசிரியர் எழுதிய பரிந்துரைக் கடிதம் ஆறு வாரம் மட்டும் பார்த்தவர் எழுதியதுபோல் இருந்திருக்காது.

மருத்துவமனைத் தன்னார்வப் பணி செப்டம்பர் கேள்வியில் எளிதாகத் தேறிவிடும். வாரம் ஒரு நாள், மூன்று நான்கு மணி நேரம், செலவே இல்லை. காசநோய்ப் பரிசோதனை, தடுப்பூசி, நோயாளியின் விவரங்களை வெளியே சொல்லக் கூடாது என்ற பயிற்சி, அவ்வளவுதான் நுழைவுக்கு வேண்டும். பல இடங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம் என்பது ஒரு சிரமம். பெரிய குறை வேறு. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களை நோயாளியின் அருகே அதிகம் விடுவதில்லை. வீட்டுக்குப் போகிறவரைச் சக்கர நாற்காலியில் வாசல் வரை தள்ளுவது, போர்வை கொண்டுபோய்க் கொடுப்பது, பரிசுக் கடையில் நிற்பது. இது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். நல்ல ஒருங்கிணைப்பாளர் இருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவிலேயே நிற்கவிடுவார்கள். அப்படி ஓர் இடம் கிடைத்தால் நான் அடுத்துச் சொல்லப்போவதற்கு இணையாகவே அதை வைப்பேன்.

இனி சி.என்.ஏ. முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கான (நர்சிங் ஹோம்) 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடு முழுவதும் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். எங்கள் நியூ ஜெர்சியில் 90, கலிபோர்னியாவில் இன்னும் அதிகம். வகுப்பு, இல்லத்தில் செய்முறை, பிறகு எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும். கை கழுவுவதற்குக்கூடத் தேர்வு உண்டு. குறைந்தபட்ச வயது மாநிலத்தையும் இல்லத்தையும் பொறுத்தது. பதினாறில் எடுக்கும் இடமும் உண்டு, பதினெட்டு ஆகட்டும் என்பவர்களும் உண்டு. கட்டணம் ஆயிரம் டாலரை ஒட்டி வரும். மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீடுகளை ஏற்கும் இல்லத்தில் பயிற்சி முடிந்து 12 மாதத்துக்குள் வேலைக்குச் சேர்ந்தால், கட்டணத்தைப் பகுதி பகுதியாகத் திரும்பப் பெறச் சட்டத்தில் வழி இருக்கிறது. இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு; மறக்காமல் கேளுங்கள்.

வேலை லேசானதல்ல. குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, விழுங்கச் சிரமப்படுபவருக்குக் கெட்டியாக்கிய தண்ணீரைக் கரண்டியால் ஊட்டுவது. நோயாளியைத் தூக்கும் மின் இயந்திரத்தைப் பதினெட்டு வயது ஆகாதவர் தனியாக இயக்கக் கூடாது என்று தொழிலாளர் சட்டம் சொல்கிறது. அனுபவமுள்ள ஒருவருக்குத் துணையாகத்தான் நிற்கலாம். இல்லத்தின் மேலாளர் இந்த விதியை அவராகவே எடுத்துச் சொன்னால் அது நல்ல இல்லம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

என் மகள் பார்த்துக்கொண்டவர்களில் மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம் தாக்கிய ஒரு பாட்டி இருந்தார். சாப்பாட்டில் எப்போதும் பாதியைத்தான் தொடுவார். எவ்வளவு சாப்பிட்டார் என்று சதவீதத்தில் குறித்துவைக்க வேண்டும். இவளும் ஐம்பது என்றே எழுதிவந்தாள். அங்கே நெடுநாளாக வேலை பார்க்கும் ஹெய்ட்டி நாட்டு அம்மா ஒருவர் ஒருநாள் அருகே வந்து தட்டை அப்படியே மறுபுறம் திருப்பி வைத்தார். பாட்டி மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார். கண்ணில் கோளாறு இல்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவருடைய மூளை கணக்கில் எடுக்கவில்லை. அன்றிரவு இவள் அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தாள். உளவியல் பாடம் எடுக்கும் ஆசிரியரிடம் போய்க் கேட்டாள். கல்லூரிகள் கேட்ட துணைக் கட்டுரைகளில் ஒன்று அந்தத் தட்டைப் பற்றியதுதான். எந்த ஆலோசகரும் சொல்லி எழுதியது அல்ல. அவள் சமர்ப்பித்த பிறகுதான் நானே அதைப் படித்தேன்.

செப்டம்பர் வந்தபோது அவள் வேலை சனிக்கிழமை ஒரு ஷிப்டாகக் குறைந்தது, நிற்கவில்லை. கல்லூரிக்குப் போன பிறகும் அந்தச் சான்றிதழ் கையில் இருக்கிறது. இரண்டு வருடம் தொடர்ச்சியாகச் சம்பளத்துக்கு வேலையே பார்க்காமல் விட்டால்தான் மறுபடி பயிற்சி எடுக்க வேண்டும். மாநிலம் மாறினாலும் பெரும்பாலும் பதிவை மாற்றிக்கொள்ளலாம். மருத்துவக் கல்லூரிக்கான ஆம்காஸ் விண்ணப்பத்தில் 15 அனுபவங்களுக்கு இடம் உண்டு. பள்ளியோடு நின்றுபோனதற்கு அங்கே மதிப்பு இல்லை, கல்லூரியிலும் தொடர்ந்தால் உண்டு. வருடத்துக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் எம்.டி. என்ற மருத்துவப் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள், ஏறத்தாழ 23,000 பேர்தான் சேர்கிறார்கள். முதலாண்டு வேதியியலோடு மல்லுக்கட்டும்போது, நோயாளியோடு இருந்த நேரத்தைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று இப்போது அவளைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

விலையும் உண்டு. ஏ.பி. தேர்வு மாதத்தில் அவள் களைத்துப்போனாள். ஷிப்டைப் பாதியாக்க வேண்டியிருந்தது. பழகிய முதியவர்கள் இறந்தார்கள். அதைப் பேசித் தீர்க்க வீட்டில் ஒருவர் நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். இது இல்லாமல் ஒரு பதினாறு வயதுப் பிள்ளையை அங்கே அனுப்பாதீர்கள். ஒன்றிரண்டு மாதத்தில் ‘எனக்கு இது வேண்டாம்’ என்று பிள்ளை சொன்னால் அதையும் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்கானிக் வேதியியல் படித்து, எம்கேட் எழுதி, அதற்குப் பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது மேல்.

அவளுக்கு இடம் கிடைத்தது இந்த வேலையால்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. எங்களுக்குத் தெரிந்தது ஒரு பிள்ளையின் கதைதான். கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்த எட்டு வருடத் திட்டங்களுக்கு நாங்கள் விண்ணப்பிக்கவில்லை. அங்கே ஆய்வுக்குக் கூடுதல் எடை இருக்கும் என்று அந்த வழியில் போனவர்கள் சொல்கிறார்கள். ஆம்புலன்ஸ் பக்கமும் எங்களுக்கு அனுபவம் இல்லை. கனெக்டிகட் மாநிலத்தின் டேரியனில் பள்ளி மாணவர்களே ஆம்புலன்ஸ் சேவை நடத்துகிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஏதாவது இருந்தால், நான் சி.என்.ஏ.வுக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

எச்-4 விசாவில், அதாவது எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்கான விசாவில், இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் கணக்கு வேறு. அவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. சம்பள வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்கிறேன் என்று போவதும் சிக்கல். சைமன்ஸ் போன்ற திட்டங்கள் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு கேட்கின்றன. அவர்களுக்கு மருத்துவமனைத் தன்னார்வப் பணிக்கு அடுத்தபடியாக நான் சொல்வது ஹாஸ்பிஸ், அதாவது இறுதிக்காலப் பராமரிப்பு. மெடிகேர் விதிப்படி ஹாஸ்பிஸ் நிறுவனங்கள் நோயாளிப் பராமரிப்பு நேரத்தில் ஐந்து சதவீதத்துக்குச் சமமான அளவாவது தன்னார்வலர்களைக் கொண்டு செய்தாக வேண்டும். அதனால் அவர்களுக்கு எப்போதும் ஆள் தேவை. பதின்ம வயதினரை எடுக்கும் நிறுவனங்களும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவது, அவர் சொல்லும் கதையை எழுதித் தருவது போன்ற பணிகள் இருக்கும். பயிற்சியும் அவர்களே தருவார்கள். பின்னணிச் சோதனைக்குச் சில இடங்களில் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள். எச்-4 பிள்ளைக்கு அது இருக்காது என்பதை முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லி, மாற்று வழி என்ன என்று கேட்டுவிடுங்கள்.

எந்த வழியானாலும் பிப்ரவரி, மார்ச்சிலேயே தொடங்கிவிடுங்கள். காசநோய்ப் பரிசோதனையைச் சில இடங்களில் இரண்டு முறை, இடைவெளி விட்டு எடுக்கச் சொல்வார்கள். தடுப்பூசிப் பதிவில் ஏதாவது விடுபட்டிருந்தால் அதற்கும் சில வாரங்கள் போகும். கோடைக்கால சி.என்.ஏ. வகுப்புகளில் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். உங்கள் மாவட்டத் தொழிற்கல்விப் பள்ளியில் பள்ளி மாணவர்களுக்கென்றே குறைந்த கட்டணத்தில் வகுப்பு நடக்கிறதா என்று பள்ளிக் கவுன்சிலரிடம் முதலில் கேளுங்கள்.