ஓடும் பந்தா, நடக்கும் பந்தா?

எழுபது தாண்டியும் காற்பந்து ஆட ஆசையென்றால் இரண்டு வழி. ஒன்று, வெளிநாட்டுப் போட்டிக்கு விமானம் ஏறுவது. இன்னொன்று, இங்கே சிங்கப்பூரிலேயே நடைப் பந்தாட்டம்: ஓடாமல் நடந்தே ஆடும் காற்பந்து.

வெளிநாட்டுப் போட்டியின் ருசியே தனி. ஜப்பானியர்களிடம் மட்டும் எச்சரிக்கை: தோக்கியோவில் 2023 முதல் எண்பது வயதுக்காரர்களுக்கென்றே லீக் நடக்கிறது; எழுபதெல்லாம் அவர்களுக்கு இளமை. ஆனால் ஏழு மணி நேரம் முட்டியை மடக்கி உட்கார்ந்து போய், மறுநாளே ஓட வேண்டும். டிக்கெட், ஓட்டல், பயணக் காப்புறுதி எல்லாம் கைக்காசு.

நடைப் பந்தாட்டம் 2011இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் தொடங்கியது. ஓடினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். கேட்கச் சுலபம், ஆடினால்தான் தெரியும். ஃபேரர் பார்க் திடலில் வளர்ந்த கால்கள் பந்தைக் கண்டதும் தானாக ஓடும். முதல் நாளே எனக்கு மூன்று விசில். "அண்ணே, மெதுவா!" என்று கோல்கீப்பர் கத்த, வெட்கமாகப் போய்விட்டது. வெயில் ஏறுமுன் ஆட்டம் முடித்து, அப்புறம் காப்பிக் கடையில் தே ஓ கொசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீர். முட்டியும் வீங்கவில்லை.

சரி, எது? மருத்துவர் தலையாட்டி, கூட ஆட ஓர் அணியும் அமைந்தால் ஒருமுறை பறந்து வரலாம். வாராவாரம் ஆட, நடைதான் என் கட்சி. பழைய பூட்ஸை மட்டும் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.