பழைய போன்களுக்கு வேலை கொடுத்த கதை: ஐந்து வருட அனுபவம்

காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூர் வீட்டில் என் மேஜை இழுப்பறையில் நான்கு பழைய செல்போன்கள் கிடக்கின்றன. கிடக்கின்றன என்று சொல்வது தப்பு, நான்குக்கும் வேலை இருக்கிறது. ஒன்று டியூஷனுக்குக் கேமரா. ஒன்று டிவிக்கும் ஏசிக்கும் ரிமோட். ஒன்று கம்ப்யூட்டருக்கு டச்பேட். நான்காவது பங்குனி, சித்திரையில் மட்டும் வடகத்துக்குக் காவல். ஐந்தாவதாக ஒன்றும் இருந்தது. அது போன விதம்தான் என்னை இதை எழுத வைத்தது, பின்னால் சொல்கிறேன்.

ஆரம்பித்தது 2020 ஊரடங்கில். பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் கணக்கு எடுக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டைப் பிள்ளைகளோடு சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் உண்டு. கரும்பலகை போய் ஜூம் வந்த அந்த மாதங்களில் கடையில் வெப்கேமே இல்லை, இருந்த இடத்தில் யானை விலை. லேப்டாப்பில் இருந்தது 720பி கேமரா. முகம் தெரியும், நோட்டில் போடும் வர்க்கமூலக் குறி தெரியாது. லேப்டாப் மூடியின் கனமே சில மில்லிமீட்டர்தான், அதற்குள் எவ்வளவு பெரிய சென்சாரை வைத்துவிட முடியும்? அப்பச்சி, அதாவது என் அப்பா, தூக்கிப்போட்ட போனின் பின்பக்கக் கேமரா அதைவிடப் பல மடங்கு மேல்.

டிராய்ட்கேம் என்ற செயலியில் தொடங்கினேன். போனில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று போட வேண்டும். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால், போன் காட்டும் ஐபி எண்ணைக் கம்ப்யூட்டரில் அடித்ததும் ஜூமின் கேமரா பட்டியலில் இதுவும் வந்து நிற்கும். ஐரியன், கேமோ என்று வேறு செயலிகளும் இதே வேலையைச் செய்கின்றன. எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. செயலியைப் போட ஐந்து நிமிஷம் ஆனது. மற்றதைச் சரிசெய்ய எனக்கு ஒரு வருஷம் ஆனது.

முதல் தொல்லை வீடு. ரூட்டர் முகப்பில் இருக்கிறது, நான் உட்காருவது இரண்டாம் கட்டில். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் என்று அப்பத்தா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்கள். அந்தச் சுவரை வெயிலும் தாண்டாது, வைஃபையும் தாண்டாது. என் குரல் முன்னே போகும், கை பின்னே வரும். “சார், நீங்க மைனஸ்னு சொல்றீங்க, ஆனா இன்னும் பிளஸ்தான் எழுதிக்கிட்டு இருக்கீங்க” என்றது சிங்கப்பூர்ப் பிள்ளை.

அப்புறம் வயருக்கு மாறினேன். போன் செட்டிங்ஸில் பில்ட் நம்பர் என்று ஒரு வரி இருக்கும். அதை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், உள்ளே யுஎஸ்பி டீபக்கிங்கை, அதாவது வயர் வழியாகக் கம்ப்யூட்டர் போனோடு பேச விடும் அனுமதியை, இயக்க வேண்டும். வயரில் வந்தபின் தாமதம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. ஆனால் வயர் வாங்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு. சல்லிசாகக் கிடைக்கும் வயர்களில் பல சார்ஜுக்கு மட்டும்தான், தகவல் போக உள்ளே கம்பியே இருக்காது. நான் மூன்று வாங்கி, மூன்றாவதில்தான் இதைப் புரிந்துகொண்டேன். நீளமும் கவனம்: யுஎஸ்பி 2.0 வயருக்கு 5 மீட்டர்தான் எல்லை.

இரண்டாவது தொல்லை போனை நிறுத்துவது. எழுதும் கையை மேலிருந்து காட்ட வேண்டும், அதாவது போன் கவிழ்ந்து தொங்க வேண்டும். இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி நடுவில் ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், இரண்டு நாள் தாங்கியது. இணையத்தில் வாங்கிய வளையும் கழுத்து ஸ்டாண்ட், நான் கோடு போடும்போதெல்லாம் கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி ஆடியது. கடைசியில் ஊர் ஆசாரிதான் தீர்த்துவைத்தார். பழைய கதவில் மிஞ்சிய தேக்குத் துண்டில் ‘ட’ எழுத்தைத் தலைகீழாக நிறுத்தியது போல ஒன்று செய்தார். மேல் பலகையில் கேமராவுக்கு ஒரு ஓட்டை, சூடு இறங்கச் சின்னச் சின்னதாகப் பத்து ஓட்டை. போன் அதன்மேல் படுத்துக்கொள்கிறது, ஆட்டம் இல்லை. கூலியாக முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். ஐந்து வருஷத்தில் நான் செய்த செலவிலேயே உருப்படியானது அது.

போனைக் கவிழ்த்து வைப்பவர்கள் மூன்று விஷயம் செய்துகொள்ள வேண்டும். முதலாவது, ஆட்டோ ரொட்டேஷனை நிறுத்துவது. கீழே பார்த்தபடி இருக்கும் போனுக்கு எது மேல், எது பக்கம் என்று தெரியாது, நடுப்பாடத்தில் படம் திரும்பிக்கொள்ளும். இரண்டாவது, ஃபோகஸைப் பூட்டுவது. பூட்டாவிட்டால் கை உள்ளே வரும்போதெல்லாம் கேமரா கையைப் பார்க்கவா, தாளைப் பார்க்கவா என்று திண்டாடும். மூன்றாவது பலருக்குத் தெரியாது: டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக ஓடினால் கேமரா கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட்டும் அதற்கேற்பத்தான் மினுக்கும். செயலியில் மினுக்கலைத் தடுக்கும் அமைப்பு 60ல் இருந்தால் 50க்கு மாற்றுங்கள், பட்டை போய்விடும்.

இப்போது இவ்வளவு பாடு தேவையில்லை. போன பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனர் தன் பிக்சல் போனை என் லேப்டாப்பில் சொருகினார், யுஎஸ்பி பட்டியலில் வெப்கேம் என்பதைத் தொட்டார், முடிந்தது. செயலி கிடையாது, டீபக்கிங் கிடையாது. ஆண்ட்ராய்டு 14 வந்தபின் கிடைத்த வசதி. ஆப்பிளில் மேக், ஐபோன் இரண்டும் வைத்திருப்பவர்களுக்கு 2022லேயே இது கூடவே வந்துவிட்டது, ஐபோன் எக்ஸ்ஆர் முதல் வேலை செய்யும். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் என்ன, பழைய போனுக்கு வேலை கொடுப்பதுதானே பேச்சு. பழைய போனில் ஆண்ட்ராய்டு 14 எங்கே வரும்?

ரிமோட் விஷயத்துக்கு வருகிறேன். ஷியோமி போன்கள் பலவற்றில் தலைப்பக்கம் சின்னக் கறுப்புப் புள்ளி இருக்கும். அது டிவி ரிமோட்டில் இருக்கும் அதே அகச்சிவப்பு விளக்கு. வைஃபை வேண்டாம், சிம் வேண்டாம். வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னொரு போன் கேமரா வழியாக அதைப் பாருங்கள், பட்டனைத் தொட்டால் ஊதாவாக மின்னும். செட்டாப் பாக்ஸ், ஏசி, ஹோம் தியேட்டர் மூன்றையும் ஒரே போனில் ஏற்றினேன். எனக்கு வசதி. அப்பத்தாவுக்கு இல்லை. ரிமோட்டைப் பார்க்காமலே விரலால் தடவி ‘இது சத்தம், இது சேனல்’ என்று பழகிய கை அது. கண்ணாடித் திரையில் தடவ என்ன இருக்கிறது? ஒரே வாரத்தில் நூற்றைம்பது ரூபாய்க்கு நிஜ ரிமோட் வாங்கிக் கொடுத்துவிட்டேன். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் போனை ரிமோட்டாக்கி மிச்சம் பிடிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நான் அதிகம் நம்பியிருப்பது கேடிஇ கனெக்ட், போனையும் கம்ப்யூட்டரையும் வைஃபை வழியாக இணைக்கும் செயலி. இலவசம், விளம்பரமே கிடையாது, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். போன் திரை டச்பேடாகிவிடும், கட்டிலில் படுத்தபடி கம்ப்யூட்டரில் ஓடும் பாட்டை மாற்றலாம், கோப்பு அனுப்பலாம். ஆனால் தினமும் பயன்படுவது ஒரு சின்ன விஷயம்: போனில் காப்பி செய்ததைக் கம்ப்யூட்டரில் ஒட்டலாம். ஒரே ஒரு முறை காலை வாரியது. எங்கள் ஊர்ப் பள்ளி விழாவில் போனை ரிமோட்டாக வைத்து ஸ்லைடு நகர்த்திக்கொண்டிருந்தேன். பிதாகரஸ் தேற்றத்துக்கு மேல், திரையின் மூலையில், “வரும்போது கால் கிலோ பூண்டு” என்று வந்து நின்றது. போனுக்கு வரும் செய்தியைக் கம்ப்யூட்டரிலும் காட்டுவது அதன் குணம். மேடைக்குப் போகும் முன் அதை அணைத்துவிடுங்கள். ஸ்பேஸ்டெஸ்க் போட்டுப் போனை இரண்டாவது திரையாக்கியும் பார்த்தேன். டேப்லெட்டுக்குச் சரி, ஆறு அங்குலத் திரையில் என்னத்தைப் படிப்பது? விட்டுவிட்டேன்.

வடகக் காவல் தானாக வந்த வேலை. வளவின் நடுமுற்றத்தில் அப்பத்தா வடகம் காயப்போட்டு, காக்காய் விரட்டுவதற்காகவே பகல் முழுக்கத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். 84 வயது. ஐபி வெப்கேம் செயலி போட்ட போனைத் தூணில் நிழல் பக்கமாகக் கட்டி, அவர்கள் அறையில் டேப்லெட்டில் படம் வரவைத்தேன். இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். “ஏப்பா, காக்கா திங்கிறத இது நல்லாத்தான் காட்டுது. வெரட்டாதா?” என்றார்கள்.

நியாயமான கேள்வி. தொலைந்த போனைத் தேட, கேடிஇ கனெக்டில் ‘ரிங்’ என்று ஒன்று உண்டு, சைலண்டில் இருந்தாலும் அலறும். அதே போனில் அதையும் போட்டேன். காக்காய் இறங்கியதும் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு தட்டு, போன் கத்தும், காக்காய் பறக்கும். மூன்று நாள் அபார வெற்றி. நாலாம் நாள் ஒரு காக்காய் கத்துகிற போன் மேலேயே வந்து உட்கார்ந்தது. இப்போது கேமராவும் உண்டு, அப்பத்தாவின் பிரம்பும் உண்டு.

சரி, ஐந்தாவது போன்.

கோனாபட்டில் எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடு வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் இருக்கும். கோலாலம்பூரில் இருக்கும் பெரியப்பச்சிக்கு வாசல் கதவையாவது பார்த்துக்கொண்டிருக்க ஆசை. நான் பெரிய ஆள் மாதிரி, “சிசிடிவி எதற்கு, பழைய போன் போதுமே” என்று சொல்லி, சிம் போட்டு, முகப்பு ஜன்னல் பலகையில் நிறுத்தி, சார்ஜரை மாட்டிவிட்டு வந்தேன். எட்டு மாதம் ஓடியது. பெரியப்பச்சி தினமும் காலையில் கதவைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடித்தார்கள்.

முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு வீட்டைத் திறந்தபோது போன் வெள்ளைப் பணியாரம் போல உப்பி, பின் மூடி பிளந்து நின்றது. படம் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. பர்மாத் தேக்குத் தூணிலிருந்து ஒரு முழம் தள்ளி. அன்றைக்குச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

என்னிடம் படித்து இப்போது வேதியியல் முதுகலை படிக்கும் பையன் காரணம் சொன்னான். லித்தியம் அயான் பேட்டரியை எப்போதும் நூறு சதவீதத்திலேயே பிடித்து வைத்து, சூட்டையும் சேர்த்தால், உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயு உண்டாகும். பூட்டிய வீடு, சித்திரை வெயில், ஓயாத சார்ஜ், மூன்றும் இருந்தன. இத்தனைக்கும் லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி செய்யும் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் இடமும் பணமும் கொடுத்து 1948ல் அடிக்கல் நாட்டியது. அதன் வாசல் வழியாக இத்தனை வருஷம் போய்வந்தும் இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. உப்பிய பேட்டரியை அமுக்கக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜ் போட்டுப் பார்க்கவே கூடாது. மண்சட்டியில் மணல் கொட்டி அதில் வைத்து வெளியே எடுத்துப் போய், மின்கழிவு வாங்குகிற கடையில் கொடுத்தேன். கோனாபட்டு வீட்டில் இப்போது பேட்டரியே இல்லாத சாதாரண சிசிடிவி கேமரா. பணம் நான் கொடுத்தேன், பெரியப்பச்சி வேண்டாம் என்று சொல்லியும் நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஆள் இல்லாத இடத்தில் போனைச் சார்ஜில் விடுவதில்லை. டியூஷன் போனுக்குத் தனி சார்ஜர் கிடையாது, லேப்டாப் வயர் கொடுக்கும் கரண்ட் மட்டும்தான். மெதுவாக ஏறும், சூடாகாது. பாடம் முடிந்ததும் கழற்றிவிடுவேன். உறையைக் கழற்றித்தான் ஸ்டாண்டில் வைப்பேன், திரை வெளிச்சம் கடைசிப் புள்ளியில். புதிய போன்கள் சிலவற்றில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது, இருந்தால் போட்டுவையுங்கள். அப்படியும் அக்னி நட்சத்திரத்தில் மதிய வகுப்பு எடுத்தால் போன் சூடாகிவிட்டது என்று சொல்லிக் கேமராவை மூடிக்கொள்கிறது. அந்த நாட்களில் வகுப்பைக் காலை ஆறரைக்கு மாற்றிவிட்டேன். பிள்ளைகள் திட்டுகிறார்கள்.

இன்னொன்று. வேலைக்கு விடும் முன் போனை ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள். பழைய போன்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவதில்லை. பணம் அனுப்பும் செயலி, கூகுள் கணக்கு, படங்கள் எதுவும் அதில் இருக்கக் கூடாது. ஐபி வெப்கேமுக்குப் பாஸ்வேர்டு போடாமல் விட்டால் உங்கள் வைஃபையில் இருக்கும் எவரும் உங்கள் முற்றத்தைப் பார்க்கலாம்.

போன வாரம் அப்பச்சியின் போன் திண்ணையிலிருந்து விழுந்து டிஸ்பிளே முழுக்கக் கறுத்துவிட்டது. மாற்ற நாலாயிரம் கேட்டார்கள். வாங்கிய அன்றே நான் அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, என் லேப்டாப்பில் ஒருமுறை அனுமதியும் கொடுத்து வைத்திருந்தேன். வயரைச் சொருகி எஸ்சிஆர்சிபிஒய் (scrcpy) என்ற இலவச மென்பொருளைத் திறந்ததும் போன் திரை கம்ப்யூட்டரில் வந்தது. மவுஸால் தட்டித் தட்டிப் படங்களை எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதே மென்பொருள் போனின் கேமராவையும் காட்டும், இதில் 13 இருக்கிறது. திரை கறுத்த போன், ஆனால் கேமரா பழுதில்லை. ஆசாரியிடம் இன்னொரு ஸ்டாண்டு சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை ஐந்நூறு கேட்கிறார்.