கொலாப் என்று வந்து என் 320,000 ரூபாவைக் கொண்டுபோன ஸ்ரூடியோ: யாழ்ப்பாணத்தில் கைவேலை செய்கிறவர்கள் கவனம்

ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். ஆறின பிறகு எழுது என்று வீட்டில் சொன்னார்கள். ஆறினால் எழுத மாட்டேன், அதுதான் இப்போதே இருந்துவிட்டேன். நேற்று அவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இந்த விடயத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறார்களாம், என் எதிர்கால முயற்சிகளுக்கு வாழ்த்துகளாம். 320,000 ரூபாவை எடுத்துக்கொண்டு வாழ்த்துச் சொல்கிறார்கள்.

பெயர் போடவில்லை. சட்டத்தரணி வேண்டாம் என்கிறார். கொழும்பில் இருக்கும் ஒரு கிரியேட்டிவ் லைஃப்ஸ்டைல், டிசைன் ஸ்ரூடியோ என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டகிராம் பக்கத்தைத் திறந்தால் எல்லாம் ஒரே மண்ணிறம்: லினன் துணி, மட்பாண்டம், ஜன்னலோரம் ஒரு செடி. ஹோட்டல்களோடும் உடுப்புக் கடைகளோடும் தேயிலைக்காரரோடும் ‘பிராண்ட் கொலாபரேஷன்’, சுருக்கமாகக் கொலாப், அதாவது கூட்டு முயற்சி செய்ததாக வரிசையாகப் படங்கள் கிடக்கும். அந்தத் தேயிலைக்காரருக்கும் ஹோட்டல்காரருக்கும் காசு கொடுத்தார்களா என்பது படத்தில் தெரியாது.

நான் கோண்டாவில் பக்கம் பனையோலைப் பொருள் செய்து விற்கிறேன். மூடிப்பெட்டி, கைப்பை, பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, சுளகு என்று எல்லாம் உண்டு. என்னோடு சில அம்மாமார் பின்னுகிறார்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஓடுகிற வியாபாரம், வெளிநாட்டிலிருந்து வந்து போகிறவர்கள் வாங்குவது, கொழும்புக்கு நைட் பஸ்ஸில் பார்சல் போடுவது. பெரிய காசு இல்லை. ஆனால் யாருக்கும் கடனில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

அந்த ஸ்ரூடியோவில் இருந்து முதலில் மெசேஜ் வந்தபோது நான் கணக்கெடுக்கவில்லை. இப்படி மெசேஜ் போடுகிறவர்கள் நிறையப் பேர். ‘எங்களுக்கு இரண்டு பை இலவசமாக அனுப்புங்கள், ரீல்ஸ் போடுகிறோம்’ என்பார்கள். இவர்கள் அப்படி இல்லை, நேரே வந்தார்கள். ஒரு பிள்ளையும் கமரா வைத்த தம்பி ஒருவரும். அந்தப் பிள்ளை கொழும்பில் வளர்ந்தவள், அம்மம்மா கரவெட்டி என்றாள். யாழ்ப்பாணத்து ஊரான கரவெட்டி என்றதும் எங்கள் வீட்டில் பாதிக் கதவு திறந்துவிட்டது. எந்த வளவு, யாருடைய சொந்தம் என்று என் மாமி விசாரிக்கத் தொடங்க, தேத்தண்ணியும் வந்துவிட்டது.

மீதிக் கதவு திறந்தது எப்படி என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களிடமும் இப்படித்தான் வருவார்கள். சாதாரணமாக வாங்க வருகிறவர்கள் பெட்டியை எடுத்தால் மூடியைத்தான் பார்ப்பார்கள், நிறத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளை ஒரு மூடிப்பெட்டியை எடுத்து, கவிழ்த்து, அடியைப் பார்த்தாள். பின்னல் தொடங்குவது அடியில்தான். மூலை திருப்புகிற இடத்தில் ஓலை இறுகாமல் விட்டால், எவ்வளவு சாயம் போட்டாலும் பெட்டி கொஞ்ச நாளில் நெளிந்துவிடும். அவள் அந்த மூலையைப் பெருவிரலால் அமத்திப் பார்த்துவிட்டு, “அக்கா, இது சார்வோலை தானே?” என்று கேட்டாள். ஆம், குருத்துப் பக்கத்து இளம் ஓலை. அதை மெல்லிசாக வார்ந்தால்தான் இப்படி வரும். முற்றின ஓலையில் இது செய்ய முடியாது. கைதடியில் இருக்கிற பனை ஆராய்ச்சி நிறுவனம் பற்றிக் கதைத்தாள், பனை அபிவிருத்திச் சபை 1978இல் வந்தது என்று வருடத்தோடு சொன்னாள். பின்னுகிற அம்மாவுக்குப் பக்கத்தில் பாயில் சப்பாணி கட்டி இருந்து, தானும் நாலு ஓலையைப் பிடித்துப் பின்னிப் பார்த்துச் சிரித்தாள். அந்தத் தம்பி அதைப் படம் எடுத்தார். அந்தப் படம் இப்பவும் அவர்களுடைய பக்கத்தில் இருக்கிறது. எழுபது தாண்டின அந்த அம்மாவின் கைதான் அதில் பெரிதாகத் தெரியும். அந்தக் கைக்கு இன்னும் முழுக் காசும் போகவில்லை என்று கீழே யாரும் எழுதவில்லை.

“உங்கட பெட்டிக்குள்ள ஒரு கதை இருக்கு அக்கா, அதை நாங்கள் சொல்லுவம். நீங்கள் காசைப் பற்றி ஒண்டுக்கும் யோசியாதேங்கோ” என்றாள் போகும்போது.

யோசிக்க வேண்டியது அதைத்தான். திட்டம் இதுதான். எங்களுடைய மூடிப்பெட்டியையும் கைப்பையையும் வைத்து ஒரு பரிசுத் தொகுதி. இரண்டு பெயரும் பெட்டியில் இருக்கும். கொழும்பில் லோஞ்ச் என்கிற அறிமுக விழா, நல்ல கடைகளில் இடம், ஒரு ஹோட்டலோடும் கதைத்து முடிந்த மாதிரி. அட்டைப்பெட்டி அச்சடிக்கிற செலவிலும் போட்டோ ஷூட் செலவிலும் பாதி எங்களுடையது, அது 145,000 ரூபா. இதைவிட, 900 ரூபாப்படி 150 மூடிப்பெட்டி, அது 135,000. ஆயிரம் ரூபாப்படி 40 கைப்பை, அது 40,000. எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், 320,000 வரும். பொருளுக்கான காசு ‘லோஞ்ச் முடிந்து 45 நாளில்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஒப்பந்தம் இருந்ததா என்று கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: இருந்தது. கையெழுத்து, திகதி, லோகோ எல்லாம் இருந்தது. காசு போட்டதற்கு வங்கிப் பற்றுச்சீட்டும் இருக்கிறது. கணக்கு மட்டும் ஸ்ரூடியோவின் பெயரில் இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில். கம்பனிக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றுகிறார்களாம், அதனால் இந்த ஒருமுறை மட்டும் பங்காளி ஒருவரின் கணக்குக்கு என்று எழுத்தில் அனுப்பினார்கள்.

அந்த 145,000 என் காப்பு அடகில் இருந்து வந்தது. பின்னின அம்மாமாருக்கும் சாயம் அவித்த தங்கச்சிக்கும் நான் கையில் இருந்து கூலி கொடுத்தேன். எல்லாருக்கும் முழுதாகக் கொடுக்க முடியவில்லை. மீதி கொழும்புக் காசு வந்ததும் என்று சொன்னேன். அவர்கள் என்னை நம்பித்தான் இருந்தார்கள்.

லோஞ்ச் நடந்தது. படங்கள் வந்தன. விளக்கு, பூ, ஆங்கிலத்தில் பேச்சு. எங்களைக் கூப்பிடவில்லை. ‘சின்ன நிகழ்வு அக்கா, மீடியா ஆட்கள் மட்டும்தான்’ என்றார்கள். வெள்ளவத்தையில் இருக்கிற என் மச்சாள் ஒரு கடையில் அந்தத் தொகுதியைக் கண்டு படம் எடுத்து அனுப்பினாள். விலை 4,900. அட்டைப்பெட்டியின் முன்பக்கம் அவர்களுடைய லோகோ மட்டும். எங்கள் பெயரைத் தேடிப் பார்த்தால் எங்குமே இல்லை. பின்பக்கம் பார்கோட்டுக்கு மேலே பொடி எழுத்தில் வடக்கில் கையால் செய்யப்பட்டது என்று ஒரு வரி. அந்த அட்டைக்குப் பாதிக் காசு நான் கட்டியிருக்கிறேன்.

45 நாளும் போனது. இனிமேல்தான் அசல் கூத்து.

முதலில் ‘அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவர் லீவு’. பிறகு போயா விடுமுறை. பிறகு கடைக்காரர் இன்னும் தங்களுக்குத் தரவில்லை என்றார்கள். கடைக்காரர் தந்தால்தான் தருவோம் என்று ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ‘நல்ல கேள்வி அக்கா, ரீமோட கதைச்சிட்டுச் சொல்லுறன்.’ நல்ல கேள்வியாம்! பிறகு அந்தப் பிள்ளை போன் எடுக்கவில்லை. என் தம்பியின் நம்பரில் இருந்து எடுத்தேன், இரண்டாவது மணியிலேயே ஹலோ வந்தது. என் குரல் கேட்டதும் ‘மீட்டிங்கில நிக்கிறன், பேந்து எடுக்கிறன் அக்கா’. அந்தப் பேந்து இன்னும் வரவில்லை. வட்ஸ்அப்பில் நான் எழுதினதுக்கெல்லாம் நீலச் சரி விழும், பதிலாகக் கும்பிடுகிற கை ஒன்று வரும்.

பிறகு வேறொருவர் வந்தார், ‘பார்ட்னர்ஷிப்ஸ் மனேஜர்’. அந்தப் பிள்ளை இப்போது அங்கே வேலையில் இல்லையாம். பழைய பேச்சுக்குத் தங்களால் பொறுப்பெடுக்க முடியாதாம். இவரிடம் நான் முழுக்கணக்கையும் திரும்ப எழுதி அனுப்பினேன்: 145,000, 135,000, 40,000, மொத்தம் 320,000. அதற்கு அவர் சொன்ன பதிலை நான் அச்சடித்து வைத்திருக்கிறேன். லோஞ்ச் இன்னும் முடியவில்லையாம்! நடந்தது முதற் கட்டம், இரண்டாம் கட்டம் இருக்கிறதாம், அது எப்போது என்று ‘சந்தை நிலவரம்’ பார்த்துத்தான் முடிவாம். அதாவது 45 நாள் இன்னும் தொடங்கவே இல்லை. ஒரு லோஞ்சை முடிக்காமல் வைத்திருந்தால் வாழ்நாள் முழுக்கக் காசு கொடுக்கத் தேவையில்லை. இதை யாரோ இருந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

நான் விடாமல் நின்றேன் என்றதும் பூஞ்சணக் கதை வந்தது. பெட்டிகளில் பூஞ்சணம் பிடித்துவிட்டதாம், கடையில் இருந்து திருப்பி அனுப்பினார்களாம், அந்த நட்டத்தைக் கழித்தால் எனக்கு வர வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லையாம். இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பொறுக்க முடியாமல் போனது. பனையோலை காற்றுப் பட வேண்டிய பொருள். யாழ்ப்பாணத்து வெயிலில் அது பாட்டுக்கு இருக்கும். கொழும்பு ஈரத்தில், அதுவும் மழைக்காலத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கி மூடி வைத்தால் பூக்கத்தான் செய்யும். உறை போடாதீர்கள், இடைக்கிடை வெயில் காட்டுங்கள் என்று நான் பார்சலோடு தாளில் எழுதி வைத்தேன், வட்ஸ்அப்பிலும் போட்டேன். மச்சாள் அனுப்பின படத்தில் ஒவ்வொரு பெட்டியும் பளபளவென்று பிளாஸ்டிக்கில் கிடக்கிறது. சரி, பூத்த பெட்டிகளையாவது திருப்பி அனுப்புங்கள், துடைத்துக் காயவைத்து நான் விற்றுக்கொள்கிறேன் என்றேன். அவை ‘அப்புறப்படுத்தப்பட்டு’ விட்டனவாம். எத்தனை, எப்போது, படம் இருக்கிறதா? பதில் இல்லை.

இன்னொன்று. மஞ்சளும் ஊதாவும் வைத்து நான் போட்ட கட்டப் பின்னல் ஒன்று இருக்கிறது. அது இப்போது அவர்களுடைய துணிப்பையில் அச்சாக வந்திருக்கிறது. அப்படியே, ஓலை மடிகிற இடம் உட்பட. எங்கள் ‘உத்வேகத்துக்கு’ நன்றி என்று எழுதியிருக்கிறார்கள்.

முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில், இது சிவில் பிரச்சினை, வழக்குப் போடுங்கள் என்றார்கள். இன்னோரிடத்தில், நீங்கள் வாங்கினவர் இல்லை, விற்றவர், நுகர்வோர் முறைப்பாடாக எடுக்க முடியாது என்றார்கள். மத்தியஸ்த சபைக்குப் போகலாம் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அதற்கு மற்றப் பகுதியும் வந்து முன்னுக்கு இருக்க வேண்டுமே. மீட்டிங்கில் நிற்கிறவர்கள் அங்கே வந்து வாங்கில் இருப்பார்களா? வழக்கென்றால் கொழும்புக்கும் இங்கேயுமாக அலைச்சல். 320,000 எனக்குப் பெரிய காசு, ஆனால் வழக்குக்குச் சின்னக் காசு. அந்த இடைவெளியில்தான் அவர்கள் பிழைக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

முகநூலில் முதலில் இரண்டு வரி போட்டபோது, ‘எக்ஸ்போஷர் கிடைச்சதுதானே’ என்று ஒருவர் வந்து எழுதினார். அந்த எக்ஸ்போஷரைக் கொண்டுபோய் அடகுக் கடையில் கொடுத்தால் காப்பைத் தருவார்களா? அந்த லோஞ்சுக்குப் பிறகு எங்களைத் தேடிப் புதிதாக ஒருவரும் வரவில்லை. பெயர் எழுதாத பெட்டியைப் பார்த்து யார் எங்களைத் தேடி வருவது? அவர்களுக்கு எங்களிடம் வேண்டியிருந்தது பெட்டி இல்லை. ஓலை பின்னுகிற கிழவியின் கை, மண் முற்றம், கஷ்டப்பட்ட ஊர் என்ற கதை. அது கிடைத்துவிட்டது. பெட்டி விற்றாலும் சரி, பூத்தாலும் சரி, அடுத்த ஹோட்டலிடம் காட்ட அவர்களிடம் படம் இருக்கிறது. செலவில் பாதியும் என்னுடையது.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதுகிறேன் என்று நேற்றுச் சிலருக்குச் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. அவசரத்துக்குச் சில:

கொலாப் என்று வருகிறவர் உங்களிடம் காசு கேட்டால், நீங்கள் பங்காளி இல்லை, அவருடைய வாடிக்கையாளர். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

தனி ஆளின் கணக்குக்குக் காசு போட வேண்டாம், என்ன காரணம் சொன்னாலும். கம்பனி என்றால் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம்.

‘லோஞ்ச் முடிந்து’, ‘விற்பனை முடிந்து’ என்று எழுதினால் வெட்டிவிட்டு நாட்காட்டித் திகதி போடச் சொல்லுங்கள்.

உங்கள் சொந்த டிசைன் என்றால் படம் கொடுக்க முன்பே பதியப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் கைத்தொழில் வடிவமைப்பு என்று பதியலாம். முதலில் 5 வருடம், பிறகு இரண்டு தரம் புதுப்பிக்கலாம். பரம்பரைப் பின்னலை அப்படி யாரும் தன் பெயரில் பதிய முடியாது, புதிதாக இருக்க வேண்டும்.

இன்னும் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

உள்பெட்டியில் வந்து பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்கும் பரிசுத் தொகுதி, பாதிச் செலவு, 45 நாள் என்று ஒரு ப்ரப்போசல் வந்திருந்தால், அதை எனக்கு அனுப்புங்கள். என்னிடம் இருப்பதோடு வைத்துப் பார்ப்போம். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் கூட்டாக முறைப்பாடு கொடுக்கலாம் என்று சட்டத்தரணி சொல்கிறார். மானிப்பாயில் மட்பாண்டம் செய்கிற ஒருவர் ஏற்கெனவே அழைத்துக் கதைத்துவிட்டார். அவருக்குப் போனது 90,000. அவரிடமும் அம்மம்மா கரவெட்டி என்றுதான் சொன்னார்களாம்.