ஸ்டோமஹீசிவ் பவுடர்: புண்ணை ஆற்றும், கசிவை நிறுத்தாது

இலியாஸ்டமி (சிறுகுடலின் முனையை வயிற்றில் துளையிட்டு வெளியே கொண்டுவரும் அறுவை) செய்துகொண்ட என் தாயாருக்குக் கழிவு சேரும் பையை மாற்றிவிடும் பொறுப்பு என்னுடையது என்பதால், கான்வாடெக் நிறுவனத்தின் ஸ்டோமஹீசிவ் பவுடரை நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். வயிற்றில் திறந்திருக்கும் குடல்வாயான ஸ்டோமாவைச் சுற்றியுள்ள தோல் சிவந்து, நீர் கசிந்து, பையைத் தோலில் பிடித்து வைக்கும் ஒட்டுத்தகடான ஃபிளேஞ்ச் ஒட்ட மறுக்கும்போது இது மிகவும் கைகொடுக்கிறது.

ஜெலட்டின், பெக்டின், சோடியம் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் ஆகியவை கலந்த இந்தத் தூள், கசியும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு புண்ணின்மேல் மெல்லிய கூழ்ப்படலமாகப் படிகிறது. (ஜெலட்டின் விலங்கிலிருந்து பெறப்படுவது என்பதைச் சைவ உணவினர் அறிந்துகொள்வது நல்லது.) தோலை வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றி உலர்த்தி, பாட்டிலை மெல்ல அழுத்தினால் தூள் புகைபோல வந்து படியும். ஈரமான இடத்தில் அது பிடித்துக்கொள்ளும். உலர்ந்த தோலில் உதிரியாகக் கிடப்பதைக் கட்டாயம் தட்டிவிட வேண்டும். இல்லையேல் ஃபிளேஞ்ச் தோலில் ஒட்டாமல் தூளில் ஒட்டி, விரைவிலேயே கழன்றுவிடும். ஃபிளேஞ்சின் இடைவெளியை அடைக்கப் பூசும், ஆல்கஹால் கலந்த பேஸ்ட் புண்ணில் பட்டால் எரியும். இந்தத் தூளில் அந்த வேதனை இல்லை. நலமாக உள்ள தோலுக்கு இது தேவையே இல்லை. வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்லும் தேங்காய் எண்ணெயும் குழந்தைப் பவுடரும் ஃபிளேஞ்ச் ஒட்டுவதைக் கெடுப்பவை.

ஆனால், தோல் ஏன் புண்ணாயிற்று என்பதைக் கண்டறியாமல் தூளை மட்டும் தூவிக்கொண்டிருப்பதில் பயனில்லை. கழற்றிய ஃபிளேஞ்சை உடனே எறிந்துவிடாமல் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், மலம் எந்தத் திசையில் ஊடுருவியது என்பது பழுப்புத் தடமாகத் தெரியும். தோலில் புண் உள்ள இடமும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். சிறுகுடலிலிருந்து வரும் கழிவில் செரிமான நொதிகள் இருப்பதால், இலியாஸ்டமியில் சிறு கசிவுகூடத் தோலை அரித்துவிடுகிறது. அறுவைக்குப் பின் 6 முதல் 8 வாரங்கள் வரை ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும் என்பதால், ஒவ்வொரு முறையும் அளவெடுத்து, அதைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக ஃபிளேஞ்சில் துளையை வெட்ட வேண்டும். ஸ்டோமா உள்வாங்கியிருந்தால் குவிந்த வடிவ ஃபிளேஞ்ச் தேவைப்படலாம். அதை ஸ்டோமா நர்ஸ்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சிவப்பின் ஓரத்தில் சிறு சிறு பருக்கள் சிதறி, அரிப்பும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கக்கூடும். அதற்கு இந்தத் தூள் மருந்தாகாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

துடைக்கும்போது ஸ்டோமாவில் துளி ரத்தம் வருவது இயல்பே. ஆனால் ஈரச் சிவப்பாக இருக்க வேண்டிய ஸ்டோமா ஊதா நிறமாகவோ கருமையாகவோ மாறினாலும், இலியாஸ்டமியில் சில மணி நேரம் எதுவும் வெளிவராமல் வயிறு பிசைந்து வாந்தி வந்தாலும், தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சாதாரண மருந்துக்கடைகளில் இந்தத் தூள் எளிதில் அகப்படுவதில்லை. சர்ஜிக்கல் கடைகளில் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. சிறிதளவே தேவைப்படுவதால் ஒரு பாட்டில் நெடுநாள் வருகிறது. மூடியை இறுக மூடி, குளியலறை ஈரம் படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.